படிப்பக வாசலில் ‘வரலாற்றில் இன்று’ எழுத

நாலடிக்கு மூன்றடிக் கரும்பலகையில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தும் தெரியும்படி இரண்டு அங்குல எழுத்தில் எழுதினால், தலைப்பு போக ஏழு வரிதான் பிடிக்கும். பிறப்பு இரண்டு, நிகழ்ச்சி மூன்று, மறைவு ஒன்று போதும். மிச்ச வரியை இடைவெளியாக விடுங்கள். ஒரு வரியாவது நம்ம வடசென்னையைத் தொடட்டும். பால் வாங்கப் போகிறவர் நின்று படிப்பது அதைத்தான்.

அக்டோபர் 2 சுலபமான நாள். காந்தி பிறந்தது 1869, லால்பகதூர் சாஸ்திரி 1904. காமராஜர் மறைந்தது 1975. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தது 1955.

எல்லா நாளும் இப்படி அமையாது. அதிகம் ஏமாற்றுவது நள்ளிரவுதான். பாரதியார் மறைவை செப்டம்பர் 11 என்றே பலரும் எழுதுகிறார்கள். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி. ஆகவே 1921 செப்டம்பர் 12. நம் பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்தவரின் தமிழ்த் தேதியை அப்படியே ஆங்கிலத் தேதியாக மாற்றினால் ஒரு நாள் முன்னால் போய்விடும். ஜாதகத்திலிருந்து எடுக்கும்போது பிறந்த நேரத்தையும் பாருங்கள். நாட்டுக்கு நாடும் தேதி மாறும்: ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, நமக்கு 21 காலை எட்டரை. நிகழ்ந்த ஊரின் தேதியையே எழுதுவது நல்லது.

செய்தித்தாளின் தேதியும் சம்பவத்தின் தேதியும் வேறு. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. மறுநாள் பேப்பரைப் பார்த்து 23 என்று எழுதிவிடாதீர்கள். ராயபுரம் ரயில் நிலையத்துக்குத் திறப்பு விழா ஒரு நாள். ரயில் ஓடத் தொடங்கியது இன்னொரு நாள், 1856 ஜூலை 1. எது நடந்த நாள் என்பதை வினைச்சொல்லில் காட்டுங்கள்.

பழைய (ஜூலியன்) காலண்டரையும் இன்று நாம் பயன்படுத்தும் புதியதையும் (கிரிகோரியன்) கலக்கக் கூடாது. நியூட்டன் பிறந்தது அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் 1642 டிசம்பர் 25. இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4. கலிலியோ இறந்த வருடமே (புதிய கணக்கில் 1642) நியூட்டன் பிறந்தார் என்பது இரண்டு கணக்கையும் கலந்ததால் வந்த பிழை.

366 பக்க நோட்டு ஒன்று போடுங்கள், தேதிக்கு ஒரு பக்கம், பிப்ரவரி 29-க்கும் சேர்த்து. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய இரண்டு இணையப் பக்கங்கள் ஒரே ஆதாரம்தான். பழைய இதழ்களுக்கு எழும்பூர் கன்னிமரா நூலகம் போகலாம்.

சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து ஈரத்தோடு எழுதினால் கை பட்டாலும் சுலபமாகக் கலையாது. அழிக்க ஈரத்துணி வேண்டும்.

தப்பு தெரிந்தால் மறுநாள் முதல் வரியிலேயே ‘திருத்தம்’ போடுங்கள். நோட்டில் பழைய தேதியை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியானதையும் அதை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே தப்புத் தேதியோடு யாராவது வரும்போது காட்டுவதற்கு அந்தப் பக்கம் வேண்டும்.