ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்: குழந்தைக்கு வயிற்றால் போகும்போது ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முறை

போன ஆடியில் குற்றாலம் போய்விட்டு வந்த மறுநாள் விடியற்காலையில் சின்னவனுக்கு ஆரம்பித்தது. இரண்டரை வயது, 11 கிலோ இருப்பான். ஒன்பது மணிக்குள் ஆறு தடவை தண்ணீராகப் போனான், இரண்டு தடவை வாந்தி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். (பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் தூள்) பாக்கெட் வாங்கி வந்து அவசரமாகக் கரைத்தேன். தப்பாகக் கரைத்துவிட்டேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. வாங்கும்போது

அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் வேண்டாம், தூள் பாக்கெட்தான் வேண்டும். அதன் முதுகில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று போட்டிருக்க வேண்டும். ஒரு லிட்டர் கரைசலுக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். இதுதான் சரியான கணக்கு. சர்க்கரை கூடிப்போனால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை இன்னும் அதிகமாக்கும். இந்த அளவில் இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட்டும் ஜிங்க் (துத்தநாக) மாத்திரையும் இலவசமாகவே தருகிறார்கள்.

2. தண்ணீர்

கொதிக்க வைத்து, நன்றாக ஆற வைத்த தண்ணீர். "தாமிரபரணித் தண்ணிக்கு என்னட்டி குறை, அதப் போயி காய்ச்சுத?" என்று எங்கள் ஆச்சி கேட்டாள். ஆற்றின் மேல் எனக்கும் அதே பாசம்தான். ஆனால் நம் குழாய்க்கு வருவதற்குள் அது எத்தனை ஊரைக் கடந்து வருகிறது! காய்ச்சுங்கள். தூளைப் போட்ட பிறகு மட்டும் சூடாக்கவே கூடாது.

3. கரைப்பது

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். அன்றைக்கு நான் வாங்கியது பெரிய பாக்கெட், 21 கிராம் சுற்றி இருக்கும். காப்பி குடிக்கிற எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் எடுத்து, முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கினேன். அவன் ஒரு வாய் வாங்கினான், முகத்தைச் சுளித்துத் துப்பினான். பிள்ளைக்கு மருந்து பிடிக்கவில்லை என்று நினைத்து, மூக்கைப் பிடித்து இன்னொரு கரண்டி ஊற்றப் போனேன். அந்த நேரத்தில் எதிர்வீட்டு அக்கா வந்தார். நர்ஸ் வேலை பார்ப்பவர். தம்ளரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர், ஒன்றும் பேசாமல் குப்பைக்கூடையில் கிடந்த பாக்கெட்டை எடுத்து நீவிக் காட்டினார். மூலையில் பொடி எழுத்தில் "1 லிட்டர்" என்று இருந்தது. நான் பல்லால் கிழித்த கிழிசல் அந்த ஒன்றின் நடுவில் ஓடியிருந்தது.

ஒரு லிட்டரில் கரைக்க வேண்டியதை 200 மில்லியில் கரைத்திருக்கிறேன். ஐந்து மடங்கு உப்பு. பேதியில் ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் உப்பு இப்படிக் கூடினால் அது மூளையைத் தாக்கும், வலிப்புக்கூட வரலாம் என்று அக்கா சொன்னபோது என் கை நடுங்கியது.

ஆகவே பாக்கெட்டைப் பிரிக்கும் முன்னே அளவை வாய்விட்டுப் படியுங்கள். கடையில் இரண்டு விதம் கிடைக்கும்: ஒரு லிட்டருக்கு உரியது, 200 மில்லிக்கு உரியது. தம்ளரில் கரைக்க நினைத்தால் சின்னதையே கேட்டு வாங்குங்கள். பெரியதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கரைக்காதீர்கள். உப்பும் குளுக்கோசும் இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி விழாது. என் கட்சி ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டில்தான். செம்பும் தம்ளரும் வீட்டுக்கு வீடு ஒரு அளவு. பாட்டிலில் அந்தக் குழப்பம் இல்லை. பாட்டிலைச் சுத்தமாகக் கழுவி, ஆறிய தண்ணீரை நிரப்பி, அதைச் சுத்தமான பாத்திரத்தில் ஊற்றித் தூளைக் கரைத்து, மூடி வையுங்கள். பாலோ ஜூஸோ சோடாவோ சேர்க்கக் கூடாது, மேலே சர்க்கரையும் வேண்டாம். கொடுக்கும் முன் நீங்கள் ஒரு சொட்டு ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது.

4. கொடுப்பது

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. ஒரேயடியாகக் குடிக்க வைத்தால் வாந்தியாக வந்துவிடும். கைக்குழந்தைக்குப் பாலாடை (பால் ஊட்டும் சங்கு), பெரிய பிள்ளைக்குச் சின்னக் கரண்டி. பால்புட்டியை நான் சேர்த்துக்கொள்வதில்லை, அதன் ரப்பருக்குள் அழுக்கு போகவே போகாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். அன்று பகல் முழுக்க அவனை மடியில் போட்டுக்கொண்டு இதைத்தான் செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மூத்திரம் போனான். எனக்கு உயிர் வந்தது.

ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது, போன தண்ணீரைத் திரும்ப ஏற்றும். குளுக்கோஸ் குடல் சுவர் வழியே உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைக் கரைத்துக் கொடுத்துத்தான் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார்.

ஜிங்க், சாப்பாடு

ஜிங்க் மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. தினம் ஒரு தடவை, ஒரு கரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து. பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

வயிற்றைக் காயப் போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். இட்லி, குழைய வடித்த சோற்றில் தயிர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். கடுங்காப்பி வேண்டாம். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போடும் மாத்திரையைப் பிள்ளைகளுக்குத் தரவே கூடாது.

எப்போது ஓட வேண்டும்

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், கண்ணீர் வராத அழுகை, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, எழுப்பினாலும் துவண்டு விழுவது, எதையுமே குடிக்க முடியாமல் போவது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கு (எங்கள் பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட்) கொண்டுபோங்கள். வழியிலும் குடிக்க முடிந்தால் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: கரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளும் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 24 மணி நேரம்தான் கணக்கு, அதற்கு மேல் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று: களக்காடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்தக் கடைக்குப் போவது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டுவது முக்கியம், குவித்துப் போடாதீர்கள். ஆனால் இதில் பொட்டாசியம் இல்லை, அதனால் விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.