வீடு காட்டும் ஆர்க்கிடெக்டுகளுக்கு: கேமரா முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு காட்டும் நிகழ்ச்சிகளுக்கு இப்போது இளம் ஆர்க்கிடெக்டுகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்து ஏதோ ஓர் அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று மைக்கோடு தெரிகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் என் காலத்துக் கோளாறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் ரிமோட்டை எறியத் தோன்றுகிறது. குரல் நடுங்குவது, எந்தக் கேமராவைப் பார்ப்பது என்று விழிப்பது போன்றவை நாளடைவில் தாமாகச் சரியாகும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜூரி மொழி

கல்லூரியில் நம் வரைபடங்களை மதிப்பிடும் ஜூரி முன் பேசிப் பழகிய வாய், வீட்டுக்காரர் முன்னாலும் அதையே பேசுகிறது. வெளியின் ஓட்டமாம், ஒளியோடு உரையாடலாம். மதியம் மூன்று மணிக்கு இந்தக் கூடத்தில் உட்கார முடியுமா என்பதுதான் பார்ப்பவரின் கேள்வி. முற்றத்தைக் காட்டினால், சூடான காற்று அதன் வழியே மேலேறுவதையும் நிழலில் கிடக்கும் தாழ்வாரத்துக் காற்று உள்ளே வருவதையும் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று குனிந்து காட்டுங்கள்.

சட்டை

நெருக்கமான கோடு போட்டது வேண்டாம். திரையில் நெளியும்.

சதுர அடிக்கு எவ்வளவு?

இந்த ஒரு கேள்விக்குத் திரையில் பதில் சொல்லாதீர்கள். தயாரிப்பாளர் கேட்பார், வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார், நிகழ்ச்சியின் தலைப்பிலேயே அந்தத் தொகையைப் போட ஆசைப்படுவார்கள். சொல்லாதீர்கள்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் பிறகு தொகுப்பாளர் ஆனார். கெட்டிக்காரர். செம்மண் நிலத்தில் கட்டிய ஒரு தோட்டத்து வீட்டைக் காட்டியபோது, சதுர அடிக்கு இவ்வளவுதான் ஆனது என்று சிரித்தபடி சொன்னார். தொகையை இங்கே எழுத மாட்டேன், அதையும் யாராவது பிடித்துக்கொள்வார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அது ஒரே தளம். மண் கெட்டி, அதனால் அஸ்திவாரம் ஆழமில்லை. தேக்கு நிலைகளும் கதவுகளும் இடித்த பழைய வீட்டிலிருந்து வந்தவை. கிணறு ஏற்கெனவே இருந்தது. இவை எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை.

பள்ளிக்கரணைப் பக்கம் மனை வாங்கியிருந்த ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர் அந்தத் துண்டுக் காட்சியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு மேஸ்திரி மேஸ்திரியாக அலைந்தார். “ஆர்க்கிடெக்டே டிவியில் சொல்லிவிட்டார், உனக்கென்ன?” நேர்மையானவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் அந்த விலைக்கே ஒப்புக்கொண்டார். சதுப்பை ஒட்டிய நிலம், அஸ்திவாரத்திலேயே பாதிப் பணம் இறங்கிவிட்டது. அதன்பின் சம்ப் தனி, செப்டிக் டேங்க் தனி, சுற்றுச்சுவர் தனி, பரண் தனி என்று பட்டியல் வந்தது. தளம் போட்டதோடு வேலை நின்றது. பூச்சில்லாத அந்த வீட்டுக்கு வட்டி கட்டிக்கொண்டே அவர் வாடகை வீட்டில் இருந்தார். என் அலுவலகத்துக்கு வந்து அந்தக் காட்சியை எனக்கும் போட்டுக் காட்டினார். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. அந்தத் துண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பியும் எம்-சாண்ட் என்னும் செயற்கை மணலும் விலையேறியது அதற்குத் தெரியாது.

ஒரு சதுர அடிக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். பால்கனியை முழுதாகக் கணக்கிட்டார்களா, பாதியாகவா? மாடிப்படிக் கூண்டு சேர்த்தியா? கோவில்பட்டிக் கரிசலில் மழைக்கு மண் உப்பி வெயிலுக்குச் சுருங்கும். அங்கே போடும் அஸ்திவாரத்தின் செலவும் பாறைமேல் உட்காரும் வீட்டின் செலவும் ஒன்றா? மண் பரிசோதனைக்கும் ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கும் அனுமதிக் கட்டணத்துக்கும் இடம் எங்கே? சிறிய வீட்டிலும் ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை இருந்தே தீரும். எனவே பரப்பு குறையக் குறையச் சதுர அடிக் கணக்கு ஏறும். நமக்கு இது பாலபாடம். பார்ப்பவருக்கு யார் சொன்னார்கள்?

பிரிட்டனில் 1999 முதல் ஓடும் ‘கிராண்ட் டிசைன்ஸ்’ நிகழ்ச்சியில் பட்ஜெட் எவ்வளவு என்று தொடக்கத்தில் கேட்பார்கள், கடைசியில் ஆன செலவையும் கேட்பார்கள். சொல்கிறவர் வீட்டுக்காரர். அது அந்த ஒரு வீட்டின் மொத்தத் தொகையாக நிற்கிறது. தொகுப்பாளர் கெவின் மெக்லவுட் ஆர்க்கிடெக்ட் அல்ல, கலை வரலாறு படித்தவர். அவர் காட்டும் நிதானம் பட்டம் பெற்ற நம்மவர்களுக்கு வருவதில்லை.

தயாரிப்பாளர் விடவே இல்லையென்றால், மொத்தச் செலவை வீட்டுக்காரர் வாயால் சொல்ல வையுங்கள். கட்டி முடித்த ஆண்டு, மண்ணின் வகை, தொகையில் சேராதவை ஆகிய மூன்றையும் அதே காட்சியில், வெட்டிப் பிரிக்க முடியாதபடி ஒரே மூச்சில் நீங்கள் சொல்லுங்கள். தனி வாக்கியமாகச் சொன்னால் படத்தொகுப்பில் போய்விடும்.

வாஸ்து

அதற்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறது.

பெயருக்குக் கீழே ஒரு வரி

1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். பதிவெண் வரும்வரை ‘கட்டடக்கலைப் பட்டதாரி’ என்று போடச் சொல்லுங்கள்.

சிமென்ட் விளம்பரம்

முகம் தெரிந்ததும் சிமென்ட், பெயின்ட், டைல்ஸ் நிறுவனங்களிலிருந்து அழைப்பு வரும். 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள், ஆர்க்கிடெக்ட் தன் சேவையை விளம்பரம் செய்வதையும் தன் பெயரை விளம்பரங்களில் பயன்படுத்த விடுவதையும் சில விலக்குகள் நீங்கலாகத் தடுக்கின்றன. நிகழ்ச்சி ஒப்பந்தத்தில் ‘விளம்பரதாரர் பகுதி’ என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கும். கையெழுத்திடுமுன் அதை அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முனகிக்கொண்டே அடித்துவிடுவார்கள்.