சோடா போனது, சீனி போகவில்லை: பாடசாலைக் கன்டீனில் விடும் பிழைகள்

பாடசாலைக் கன்டீனில் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று இலங்கைக் கல்வி அமைச்சின் 35/2015 இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதை வெறும் பெயர்ப் பட்டியலாக வாசிப்பதுதான் முதற் பிழை. சோடாவை எடுத்துவிட்டு அதே தட்டில் பழபானப் பைக்கற்றை அடுக்கினால் பட்டியல் மாறும். பிள்ளை குடிக்கும் சீனி மாறாது.

பைக்கற்றில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீட்டையும் இப்படித்தான் அரைகுறையாகப் பார்க்கிறோம். 2016 ஓகஸ்ட் முதல் மென்பானங்களில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் சீனி 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, இடைப்பட்டதெல்லாம் செம்மஞ்சள். “சிவப்பு இல்லைத்தானே” என்று வாங்கிக் கொடுப்பதில் 10 கிராம் இருக்கலாம். 200 மில்லிலீற்றர் பைக்கற் என்றால் 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. சேர்க்கும் சீனி நாளாந்தச் சக்தியில் 5 வீதத்துக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 20 கிராம்தான். இடைவேளையோடு கணக்குத் தீர்ந்துவிட்டது; பின்னேரத் தேநீர் இன்னும் வரவேயில்லை. நிறத்தை விடுங்கள், கிராமைப் பைக்கற்றின் அளவால் பெருக்குங்கள்.

கூடிய வாடகை தர முன்வருபவருக்கே கன்டீனைக் கொடுத்துவிட்டு, பிறகு அவரிடம் அவித்த கடலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாடகையை ஈடுகட்ட ரோல்ஸும் பற்றிஸும்தான் அவருக்குக் கைகொடுக்கும். எண்ணெய் சரியாகச் சூடேறாமல் ஒரே தடவையில் நிறையப் போட்டுப் பொரித்தால் மேல்மா எண்ணெயைக் குடித்துவிடும். கடதாசியில் வைத்துப் பார்த்தால் தெரியும். கடலை, கௌப்பி, பயறு விற்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதி, வாடகையையும் அதற்கேற்பக் குறையுங்கள். கடலையை இரவே ஊறவிட்டு, காலையில் அவித்து, கடுகும் செத்தல் மிளகாயும் கொஞ்ச எண்ணெயில் தாளித்தால் போதும். பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுவார்கள், ஆறிப்போகாமல் இருந்தால்.

காலைச் சாப்பாடு இல்லாமல் ஆறரைக்கே பாடசாலை வானில் ஏற்றிவிட்ட பிள்ளை இடைவேளையில் இரண்டு ரோல்ஸ் கேட்டால் கன்டீனைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் மோசமான பிழை, பெரியவர்களின் உடல்நிறை அட்டவணையைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்ப்பது. 10 வயது ஆண் பிள்ளை, உயரம் 140 சென்ரிமீற்றர், நிறை 43 கிலோ என்று வையுங்கள். 43ஐ 1.4 x 1.4ஆல் வகுத்தால் உடல் திணிவுச் சுட்டி 21.9. பெரியவருக்கு அது சாதாரணம். அந்த வயதுப் பையனுக்கோ 18.5க்கு மேல் அதிக நிறை, 21.4க்கு மேல் உடற்பருமன். “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று விடுவதும் பிழை, பயந்து சோற்றை நிறுத்துவதும் பிழை. நிறை 43இலேயே நின்று, ஒரு வருடத்தில் 6 சென்ரிமீற்றர் வளர்ந்தாலே சுட்டி 20.2க்கு இறங்கிவிடும், 11 வயதில் உடற்பருமனுக்கான எல்லை 22.5. ஆகவே மெலிய வைக்க வேண்டியதில்லை, நிறை ஏறாமல் பார்த்தால் போதும்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில்தான். இடையில் மூன்று வருடம் போய்விடும். ஆறு மாதத்துக்கொரு தடவை, சப்பாத்தைக் கழற்றி, அதே சுவரில் அளந்து திகதியோடு குறித்து வையுங்கள்.