வேலூரிலிருந்து சுற்றுச்சூழல் வழக்கறிஞராகத் தொழில் செய்வது எப்படி

பாலாற்றுப் படுகையில் சுற்றுச்சூழல் வழக்கறிஞராக விரும்பும் எவரும் முதலில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பை, பாடநூலில் உள்ள சுருக்கமாக அல்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி உத்தரவு வரை படித்துவிட வேண்டும். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் தீங்கு உறுதியாகத் தெரியும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது நம் வட ஆற்காட்டுத் தோல் ஷாப்புகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய இந்த வழக்குதான். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனது என்பதும் அத்தீர்ப்பிலேயே உள்ளன. கோட்பாட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் இந்த அளவுகளை எப்படித் திரட்டினார்கள் என்று கவனித்துப் படிப்பவரே நல்ல வழக்கறிஞராக வருகிறார் என்பது என் கருத்து.

படிப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளஸ் டூவுக்குப் பின் ஐந்து ஆண்டு, பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு என இரு வழிகள் உள்ளன. வேலூரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் நேராகச் சென்னைக்கு ஓடாமல், குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு சிவில் சீனியரிடம் ஜூனியராக இருக்கும்படி பரிந்துரைக்கிறேன். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் ஆகிய நில ஆவணங்களைப் படிக்கத் தெரியாதவர் நிலத்தடி நீர் வழக்கை நடத்த முடியாது.

தனியார் தொழிலில் உங்களிடம் முதலில் வருபவர் பெரும்பாலும் ஒரு கிணற்றுக்குச் சொந்தக்காரராக இருப்பார். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரிடம், தண்ணீர் எப்போது கெட்டது என்று நான் கேட்டேன். "எங்கப்பா காலத்துலயே கெட்டுப் போச்சுங்க வக்கீலய்யா" என்றார். மனிதருக்கு அது உண்மையான பதில். வழக்குக்கு அது ஆபத்தான பதில். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ், வழக்கெழு காரணம் (வழக்குத் தொடுக்க இடம் தரும் நிகழ்வு) முதலில் தோன்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீடும் மீட்டமைப்பும் கோரும் 15ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுக்குள்ளும் மனு செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் இரண்டிலும் மேலும் 60 நாள்தான் கிடைக்கும். ஆகவே கட்சிக்காரரின் துயரம் முழுவதையும் கேளுங்கள், ஆனால் தேதிகளைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பட்டத்தில் நெல் பயிரிடுவதை நிறுத்தினார், எந்த மாதத்தில் மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தது, எந்த மழைக்குப் பின் ஓடையில் நுரை வந்தது, யாரிடம் எந்த நாளில் மனு கொடுத்தார் என்று. அந்தப் பெரியவரிடம் இரண்டு மணி நேரம் பேசிய பிறகுதான், முந்தைய ஆண்டு ஒரு கழிவுக் குழாய் உடைந்து அவர் கொல்லைக்குள் பாய்ந்த தனிச் சம்பவம் வெளிவந்தது. மனு அதன்மேல்தான் நின்றது.

அடுத்து, கிணற்றை நீங்களே போய்ப் பாருங்கள். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம் எந்தப் பாட்டிலில், எத்தனை மணி நேரத்துக்குள் மாதிரி வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, புல எண்ணும் நேரமும் எழுதிய சீட்டை ஒட்டிப் புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அறிக்கையில் உள்ள எண்ணை இந்த எண்ணுக்கு அருகில் வைத்துக் காட்டினாலே நீதிபதிக்கு நிலைமை விளங்கிவிடும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. இருந்தாலும் ஒழுங்காக எடுக்கப்பட்ட மாதிரிக்கு இருக்கும் மதிப்பே வேறு. அதன் தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில் கலச மகாலில் நடக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம்.

தனியார் தொழிலின் மறுபாதி, தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்வது. இதை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தோலை நம்பித்தான் சாப்பிடுகின்றன. ஆலைக்காரர் வந்தால், மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணை நடப்பில் உள்ளதா, அதில் அனுமதித்த அளவும் மீட்டர் காட்டும் அளவும் பொருந்துகின்றனவா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போன கழிவுநீருக்குக் கணக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். குறை இருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். குறையை மறைக்க வழி கேட்பவரின் வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

அரசுத் தரப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அரசு வழக்கறிஞராகவோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வழக்கறிஞராகவோ நியமிக்கப்படுகிறார்கள். அங்கே நீதிமன்றத்தில் நிற்கும் நேரத்தைவிட, மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் கோப்பைப் படித்து எதிர்வாக்குமூலம் (மனுவுக்கு எழுத்தில் தரும் பதில்) தயாரிக்கும் நேரமே அதிகம். கோப்பில் நீங்கள் தேட வேண்டியது நீர் மாசைத் தடுக்கும் தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பின்பற்றினார்களா என்பதைத்தான். வெளியேற்றும் கழிவுநீரில் மாதிரி எடுக்கும் அதிகாரி, அந்த இடத்திலேயே ஆலைக்காரருக்கு உரிய படிவத்தில் அறிவிப்புத் தந்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு கலன்களுக்கும் முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். இது தவறினால் அந்த ஆய்வறிக்கையைச் சாட்சியமாக ஏற்க முடியாது. நான் ஜூனியராக இருந்த காலத்தில், ஓடை நிறம் மாறியதை ஊரே பார்த்திருந்த ஒரு வழக்கு, அறிவிப்புப் படிவம் கோப்பில் இல்லாத ஒரே காரணத்தால் விழுந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்த வழக்குக் கட்டு கைக்கு வந்தாலும் அந்தப் படிவத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறேன். பொறியாளர்களிடம் இதைப் பணிவாக, மாதிரி எடுக்கப் போகும் முன்பே சொல்லிப் பழக்குவது அரசு வழக்கறிஞரின் வேலையில் சேர்ந்தது.

இரு தரப்புக்கும் மாறிமாறிப் போகலாம். ஆனால் ஒரு விவகாரத்தில் ஒருவருக்கு ஆலோசனை சொல்லிவிட்டு, அதே விவகாரத்தில் அவருக்கு எதிராக வக்காலத்து போட பார் கவுன்சில் விதி அனுமதிக்காது. சிறிய ஊரில் இது அடிக்கடி எழும் சிக்கல் என்பதால், ஆலோசனை கேட்டு வந்தவர்களின் பெயரையும் ஆலையையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருங்கள்.

தீர்ப்பு கிடைத்ததும் கட்டை மூடிவிடாதீர்கள். 1996 தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001 மார்ச் 7 அன்று பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டை நிர்ணயித்தது. கொடுபடாமல் நின்றதை ஆறு வாரத்துக்குள் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது 2025 ஜனவரி 30 அன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் விண்ணப்பதாரர் இறந்துவிட்டால், பிள்ளைகளின் கையில் பெயர் மாற்றாத பட்டா மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே கட்சிக்காரர் உயிரோடு இருக்கும்போதே ஆதார், வங்கிக் கணக்கு, பாதிக்கப்பட்ட நிலத்தின் புல எண், வாரிசுகளின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக் கட்டின் முதல் பக்கத்தில் தைத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவருக்குத் தொலைபேசியில் பேசி அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.