லுவா இன்டர்ப்ரெட்டர் பூல்: திரும்ப வாங்கும்போதுதான் கவனம் தேவை

சி++-ல் எழுதிய ஒரு சர்வர், கோரிக்கை வரும்போதெல்லாம் லுவா என்ற சிறிய மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்ட்டை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரைக் காலியாக உருவாக்க அதிக நேரம் ஆகாது. லைப்ரரிகளையும் உங்கள் ஸ்கிரிப்ட்களையும் ஒவ்வொரு முறையும் ஏற்றிக் கம்பைல் செய்வதில்தான் நேரம் போகிறது. அதனால் சில இன்டர்ப்ரெட்டர்களை முன்பே தயார் செய்து வைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். இந்தத் தொகுப்புதான் பூல்.

ஒன்றே ஒன்றை எல்லா த்ரெட்களுக்கும் (சர்வருக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளுக்கும்) பொதுவாக வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. ஒரு லுவா இன்டர்ப்ரெட்டரில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் வேலை செய்யலாம். மீறினால் மெமரி சிதைந்துவிடும்.

படி 1: சர்வர் தொடங்கும்போதே, ஒரே நேரத்தில் ஸ்கிரிப்ட் ஓட்டப்போகும் த்ரெட்களின் எண்ணிக்கைக்கு இன்டர்ப்ரெட்டர்களை உருவாக்கி, ஸ்கிரிப்ட்களைக் கம்பைல் செய்து பட்டியலில் வையுங்கள்.

படி 2: பட்டியலிலிருந்து இன்டர்ப்ரெட்டரை எடுக்கும்போது பட்டியலை மட்டும் மியூடெக்ஸால் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டால்) பூட்டுங்கள். ஸ்கிரிப்ட் ஓடும் நேரம் முழுவதும் பூட்டி வைத்தால் பூல் இருந்தும் பயனில்லை. பட்டியல் காலி என்றால் காத்திருக்கட்டும், ஆனால் கால வரம்போடு.

படி 3: பிழை வந்தாலும் சர்வர் விழாதபடி பாதுகாப்பு அழைப்பு (பிழையைப் பிடித்துத் திருப்பித் தரும் அழைப்பு) வழியாகவே ஓட்டுங்கள். இத்தனை கட்டளைகளுக்கு ஒரு முறை தானாக அழைக்கப்படும்படி ஹூக் என்ற ஃபங்ஷனை வைத்தால், முடிவில்லாமல் சுற்றும் லூப்பில் பிழை எழுப்பி நிறுத்தலாம். அந்தப் பிழையை ஸ்கிரிப்ட்டே பிடித்துக்கொண்டு தொடர வழி உண்டு. எனவே வரம்பு தாண்டிய பின் ஹூக் மீண்டும் மீண்டும் பிழை எழுப்பட்டும்.

படி 4: திரும்ப வாங்குவது. இங்கே அவசரம் வேண்டாம். சி++-ம் லுவாவும் மதிப்புகளைப் பரிமாறும் ஸ்டாக்கைக் காலி செய்வது ஒரு வரி வேலை. ஆனால் முந்தைய கோரிக்கை ஒரு குளோபல் மாறியில் வாடிக்கையாளர் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தால், அடுத்தவர் அதைப் படிப்பார். லுவா 5.2 முதல் குளோபல்கள் _ENV என்ற சூழல் டேபிளில் தேடப்படுகின்றன. கோரிக்கைக்கு ஒரு புது டேபிளைக் கொடுத்து, அதில் இல்லாததை மட்டும் அசல் குளோபல் டேபிளில் தேடும்படி மெட்டாடேபிள் (ஒரு டேபிள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இன்னொரு டேபிள்) வையுங்கள். எழுதுவதெல்லாம் புது டேபிளில் விழும், முடிந்ததும் அதை விட்டுவிடலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. ஸ்ட்ரிங் லைப்ரரி ஒரு பொது டேபிள். அதற்குள் இருக்கும் ஃபங்ஷனை ஒரு ஸ்கிரிப்ட் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். அசல் குளோபல் டேபிளைக் காட்டும் _G மாறி வழியாகவும் உள்ளே எழுதலாம். ஸ்கிரிப்ட்களை நீங்களே எழுதினால் ஒழுங்கு போதும். வெளியார் எழுதுவதானால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பூல் வையுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

படி 5: வரம்பு தாண்டி நிறுத்தப்பட்ட இன்டர்ப்ரெட்டரையும், மெமரி போதாமல் தடுமாறியதையும் பூலுக்குள் விடாமல் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று சேருங்கள். நன்றாக ஓடுவதற்கும் ஆயுள் வரம்பு நல்லது. அப்பாச்சி சர்வருக்குள் பெர்ல் மொழியை ஓட்டும் மோட்_பெர்ல் 2-ல், ஓர் இன்டர்ப்ரெட்டர் இத்தனை கோரிக்கைக்குப் பின் ஓய்வு பெற வேண்டும் என்று சொல்லத் தனி அமைப்பே இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கும் வேலையை சி++ டெஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷனில்) வைத்துவிடுங்கள். நடுவில் எக்ஸெப்ஷன் வந்து ஃபங்ஷன் பாதியில் முடிந்தாலும் இன்டர்ப்ரெட்டர் தொலையாது.