பழைய சிவிடி காரின் உதறல் நின்றது இப்படித்தான்

கிளிநொச்சியில் வாங்கிய என் பழைய ஜப்பான் செடான் ஏ9 வீதியில் வேகமாக ஓடும்போது எந்தக் குறையும் காட்டவில்லை. பரந்தன் சந்தியில் நின்று மெதுவாக எடுக்கும்போதுதான் உதறியது. மத்தியான வெயிலில் இன்னும் மோசம். பார்த்த ஒருவர் கியர்பெட்டியையே மாற்றச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் காரில் இருப்பது சிவிடி (CVT) என்ற வகை ஓட்டோ கியர்பெட்டி. அதில் கியர் படிப்படியாக மாறுவதில்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. கப்பிகள் அகன்றும் ஒடுங்கியும் வேகத்தை மாற்றுகின்றன. பட்டி வழுக்காமல் இருப்பது ஒயிலின் அழுத்தத்தாலும் தரத்தாலும்தான். ஆகவே முதலில் ஒயிலைப் பார்ப்பதுதான் நியாயம்.

வவுனியா கராஜ் ஒன்றில் கழற்றியபோது ஒயில் கறுத்திருந்தது. ஆனால் எரிந்த மணம் இல்லை. கியர்பெட்டியின் அடித்தட்டில் உலோகத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் மாவுபோல் நுண்தூள் மட்டும். உலோகச் சீவல் இருந்திருந்தால் கதை வேறு. வடிகட்டியை மாற்றி, கையேட்டில் சொன்ன அதே சிவிடி ஒயிலை விட்டோம். 'எல்லாம் ஒன்றுதான்' என்று சாதாரண ஓட்டோ கியர் ஒயிலைத் தருவார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு தடவை வடித்தால் பழையதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். அதனால் கொஞ்சம் ஓடிவிட்டு மறுபடி மாற்றினோம். ஒயிலின் அளவையும் கையேட்டில் குறித்த சூட்டில்தான் பார்க்க வேண்டும். சரி, அதோடு உதறல் நின்றது.

வாங்கப் போகிறவர்கள் குளிர்ந்த காரை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். நன்றாகச் சூடேறும்வரை ஓடி, பிறகு ஊர்ந்து பாருங்கள். நான் இப்போது 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுகிறேன். ரேடியேற்றரில் படியும் செம்மண் தூசியையும் அடிக்கடி கழுவிவிடுகிறேன்.