ஊர்ல குரூப் ஆரம்பிக்கிறீங்களா? சங்கமா மன்றமா கழகமான்னு முடிவு பண்றது இப்படித்தான்

ஜூன் 12 மேட்டூர் தெறக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபட்டாப் போதும், டெல்டால ஊருக்கு ஊரு நாலு பசங்க சேந்து சி, டி வாய்க்கால, அதாவது வயலுக்குப் பிரியற சின்ன வாய்க்காலத் தூர்வாரலாம்னு கெளம்பிடுவாங்க. வாட்ஸ்அப் குரூப் ரெடி, டீக்கடைக்கு எதிர்ல ஃப்ளெக்ஸ் கட்ட எடமும் ரெடி, ஆனா பேருக்குக் கடைசில என்ன போடுறதுங்கறதுல மட்டும் ராத்திரி பத்து மணி வரைக்கும் சண்டை. ஒருத்தன் பேரவைங்கறான், ஒருத்தன் இயக்கம்ங்கறான். பெருசா தெரியுதேன்னு எதையாவது போட்டுட்டு அப்பறம் முழிக்காதீங்க. ரெண்டே விஷயத்தப் பாருங்க: இதுல யார் உள்ள வரலாம், காசு யார் கைல இருக்கும். அதுக்கு எந்தப் பேரு ஒத்து வருதோ அதுதான் பேரு.

சின்ன வேலை, முடிஞ்சா கலைஞ்சிடுவோம்னா கமிட்டி போதும். திருவிழாக் கமிட்டி இருக்குல்ல, வரவு செலவு நோட்டீஸ கோயில் செவுத்துல ஒட்டினதோட முடிஞ்சுது, அடுத்த வருசம் வேற ஆளு. வேலை தொடர்ந்து நடக்கணும், ஆளு கம்மின்னா குழு. ஆனா ஒண்ணு, நம்ம ஊர்ல வெறும் குழுன்னா அது மகளிர் குழுதான். "குழுவுக்குப் போய்ட்டு வரேன்"னு அத்தை சொன்னா கடன் தவணை கட்டப் போறாங்கன்னு அர்த்தம். 1989ல தர்மபுரில ஆரம்பிச்ச சுய உதவிக் குழு இப்ப எல்லாத் தெருவுலயும் இருக்கு, 12லேருந்து 20 பேர் வரைக்கும் இருப்பாங்க, அதுல தலைவர் கெடையாது, ஊக்குநர், பிரதிநிதின்னுதான் பொறுப்பு. (நம்ம பசங்க குரூப்ல ஏழு பேரு இருந்தா அதுல மூணு பேரு தலைவர், அது வேற கதை.) அதனால குழுன்னு போட்டா முன்னாடி என்ன வேலைன்னு சேத்துப் போடுங்க, "வாய்க்கால் பராமரிப்புக் குழு" மாதிரி.

சங்கம்னா உறுப்பினர், சந்தா, வருசா வருசம் பொதுக்குழு, தேர்தல் எல்லாம் இருக்கும்னு ஆளுங்க எதிர்பாப்பாங்க. தஞ்சாவூர்ல கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911லேருந்து இருக்கு, அது மாதிரி தமிழுக்கு, இலக்கியத்துக்கு இருக்கற சங்கம் ஒரு வகை. ஆனா திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பெரியவங்க வெறும் "சங்கம்"னு சொன்னா அது செங்கொடி சங்கம்தான், 1940கள்ல கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் காலத்துல மன்னார்குடி பக்கம் தென்பரையில எல்லாம் வளந்தது. கீழ்வெண்மணியில 1968 டிசம்பர் 25 அன்னிக்கு 44 பேர் குடிசையில எரிஞ்சு செத்தாங்களே, அங்க கூலிய ஒசத்திக் கேட்டது விவசாயத் தொழிலாளர் சங்கம், எதிர்ல மிராசுதாருங்க வெச்சிருந்தது நெல் உற்பத்தியாளர் சங்கம். ரெண்டும் சங்கம்தான். அதான் சொல்றேன், சங்கம்ங்கற வார்த்தைக்கு முன்னாடி வர்ற வார்த்தை யாரை உள்ள விடுது, யாரை வெளிய நிறுத்துதுன்னு பாக்கணும். வாய்க்கால் வேலைக்கு "பாசனதாரர் சங்கம்"னு போட்டீங்கன்னா நிலம் இல்லாம கூலிக்குப் போறவங்க இது நமக்கு இல்லைன்னு ஒதுங்கிடுவாங்க, ஆனா மம்பட்டி புடிக்கப் போறது பாதி அவங்கதான்.

இன்னொண்ணு, பாசனத்துக்குன்னே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்னு 2000ஆம் வருசத்துச் சட்டப்படி ஏற்பாடு இருக்கு, அது ஆயக்கட்டுல, அதாவது அந்தத் தண்ணி பாயற பரப்புல நிலம் உள்ளவங்களுக்கானது. உங்க பக்கம் இருக்கான்னு நீர்வளத்துறை ஆபீஸ்ல விசாரிச்சுட்டு அப்பறம் பேர் வைங்க. அதே மாதிரி பேர் வெச்சா மனு குடுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் நாங்க அவங்க இல்ல சார்னு வெளக்கிட்டே இருக்கணும்.

மன்றத்துக்குப் பெரும்பாலும் முன்னாடி ஒரு வேலையோ ஒருத்தர் பேரோ வரும், இலக்கிய மன்றம், நற்பணி மன்றம், ரசிகர் மன்றம். நற்பணி மன்றம்னு மட்டும் போட்டா எந்த நடிகருக்குன்னு கேப்பாங்க, கோவப்படாதீங்க.

கழகம் கொஞ்சம் பாத்து. 1944ல திராவிடர் கழகம், 1949ல திமுக, அதுலேருந்து மேடைல கழகம்னா கட்சிதான். ஆனா அறுவடை நேரத்துல நெல்லு மூட்டையோட டிபிசி (நெல் கொள்முதல் நிலையம்) வாசல்ல நிக்கறவருக்குக் கழகம்னா நுகர்பொருள் வாணிபக் கழகம், பஸ்ஸுக்கு நிக்கறவருக்குப் போக்குவரத்துக் கழகம். கபடி டீமுக்குக் கழகம்னு வைக்கலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. திருக்குறள்ல சூது அதிகாரத்துல பாத்தா கழகம்னா சூதாடற எடம், 935ஆம் குறள், அதை ஞாபகப்படுத்தி வம்பு பண்ண ஊர்ல ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் கண்டிப்பா இருப்பாரு. கட்சிங்கறதும் எப்பவும் ஓட்டு சமாச்சாரம் இல்ல, திருவையாறு தியாகராஜர் ஆராதனைல ஒரு காலத்துல பெரிய கட்சி, சின்ன கட்சின்னு வித்வான்களே ரெண்டா நின்னாங்க. இப்ப நீங்க வெச்சா மட்டும் எந்தக் கொடின்னுதான் கேள்வி வரும்.

சபைய விட்டுடுங்க, கிராமசபைன்னா அது ஊர் வாக்காளர் எல்லாரும் சேந்தது, தனியா ஒரு குரூப் அந்தப் பேர்ல மனு குடுத்தா சிக்கல். இருபது பேரை வெச்சுக்கிட்டு பேரவைன்னு போடறது என்னைக் கேட்டா ஓவர்.

இப்ப பதிவு. பேர்ல சங்கம்னு இருந்தாத்தான் சங்கமா பதிய முடியும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, அப்படி இல்ல. மன்றம், கழகம், இயக்கம் எந்தப் பேரா இருந்தாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975படி மாவட்டப் பதிவாளர்கிட்ட பதியலாம், கொறஞ்சது ஏழு பேர் வேணும், பைலா (சங்க விதிமுறை) வேணும், ஏற்கெனவே இருக்கற பேரு மாதிரியே இருந்தா மாத்தச் சொல்வாங்க, அதனால மாத்துப் பேரும் ரெண்டு யோசிச்சு வெச்சுக்குங்க. வருசா வருசம் கணக்கும் தாக்கல் பண்ணணும், நெறைய சங்கம் இங்கதான் படுத்துடுது.

கூட்டுறவுன்னு சும்மா சேக்காதீங்க, நம்ம ஊர் சொசைட்டி மாதிரி அதுக்கு 1983 சட்டம் தனி, கூட்டுறவுத்துறைல பதியணும். அறக்கட்டளைன்னா பத்திரம் எழுதிப் பதியறது, அதுல அறங்காவலருங்கதான் முடிவெடுப்பாங்க, சந்தா கட்டினவனுக்கு ஓட்டு கெடையாது. எல்லாரும் சமம்னு பேசிட்டு அறக்கட்டளை ஆரம்பிச்சா ரெண்டாவது வருசம் பஞ்சாயத்துதான். நெல்லு, உளுந்து சேந்து விக்கணும்னா உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அது கம்பெனிச் சட்டத்துல வரும், பத்து விவசாயி சேந்தாலே பதியலாம். தமிழக அரசோட கூட்டுப் பண்ணையத் திட்டத்துல கணக்கு வேற: 20 பேர் ஒரு ஆர்வலர் குழு, அஞ்சு ஆர்வலர் குழு சேந்தா 100 பேர் உற்பத்தியாளர் குழு, அது மாதிரி பத்து சேந்தா 1000 பேரோட நிறுவனம்.

பேர் முடிவானதும் மொதக் கூட்டத்துத் தீர்மானத்த மினிட்ஸ் நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்பேடு எல்லாம் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தப்பறம் அடிங்க. சான்றிதழ்ல "நலச் சங்கம்", ஸ்டாம்புல "நலச்சங்கம்", பான் கார்டுல வேற ஒண்ணுன்னு இருந்தா பேங்க்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்றப்ப இழுத்தடிப்பாங்க.